இறால் குட்டை நீரில் விப்ரியோ: பிளேட் போடுவது, எண்ணுவது, எண்ணைப் பார்த்து முடிவெடுப்பது

வனாமி இறால் குட்டைகளில் உப்பு, பி.எச்., ஆக்சிஜன் மூன்றையும் நாள் தவறாமல் அளக்கிறோம். பாக்டீரியாவை மட்டும் செக் டிரேயில் (தீனி மிச்சம் பார்க்க நீரில் இறக்கும் தட்டு) செத்த இறால் ஏறிய பிறகுதான் அளக்கத் தோன்றுகிறது. அப்போது கிடைக்கும் எண் நடந்து முடிந்ததைத்தான் சொல்லும். வாரம் தவறாமல் பிளேட் போட்டு (நீரை ஊடகத் தட்டில் பரப்பி, வளரும் பாக்டீரியாவை எண்ணி) வந்தால் அதே எண் சில நாள் முன்கூட்டியே எச்சரிக்கும். இதற்குப் பெரிய லேப் வேண்டாம். காற்று வீசாத ஒரு சிறிய அறை, சமையலுக்குப் பயன்படாத ஒரு பிரஷர் குக்கர், ஸ்பிரிட் விளக்கு, அரை கிராம் வரை சரியாகக் காட்டும் தராசு, பெட்ரி தட்டுகள், பிப்பெட் இருந்தால் போதும். பொன்னேரி, மரக்காணம், நாகப்பட்டினம், ராமநாதபுரம் பக்கத்து உவர்நீர்க் குட்டைகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம்.

எதை எண்ணுகிறோம்

விப்ரியோ என்ற பாக்டீரியா கடல்நீரின் சொந்தக் குடி. நல்ல குட்டையிலும் இருக்கும், நல்ல இறாலின் குடலிலும் இருக்கும். அதனால் பூஜ்யம் நம் இலக்கு அல்ல. உணவு மிஞ்சி, போட்டியாளர்கள் குறைந்து, இறாலும் தளர்ந்திருக்கும்போதுதான் அது நோயாக மாறுகிறது. எனவே மூன்று கேள்விகளுக்கு விடை தேடுகிறோம்: மொத்த விப்ரியோ எவ்வளவு, அதில் பச்சைக் காலனி (தட்டில் வளர்ந்து கண்ணுக்குத் தெரியும் பாக்டீரியாப் புள்ளி) எவ்வளவு, போன வாரத்தைவிட ஏறுகிறதா இறங்குகிறதா. இந்த மூன்றில் கடைசிக் கேள்விக்குத்தான் நாங்கள் அதிக மதிப்புத் தருகிறோம்.

பச்சை, மஞ்சள் என்ற பிரிவு டி.சி.பி.எஸ். என்ற வளர்ப்பு ஊடகத்தால் வருவது. அதில் சுக்ரோஸ் சர்க்கரையும் நிறம் மாறும் சாயமும் உண்டு. சர்க்கரையைத் தின்று அமிலம் விடும் இனங்கள் மஞ்சளாகத் தெரியும்; விப்ரியோ ஆல்ஜினோலிட்டிகஸ் இதில் முக்கியமானது. சர்க்கரையைத் தொடாதவை பச்சை: விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ், விப்ரியோ கேம்ப்பெல்லி, பெரும்பாலான விப்ரியோ வல்னிஃபிகஸ். ஒளிரும் நோய்க்குப் பேர்போன விப்ரியோ ஹார்வேயி இரண்டு நிறத்திலும் வரும். ஆகவே பச்சை என்றால் எமன், மஞ்சள் என்றால் நல்லது என்று வகுத்துவிட முடியாது. பச்சைப் பட்டியலில் ஆபத்தானவை அதிகம், அவ்வளவுதான்.

2009-ல் சீனாவில் தலைகாட்டி வியட்நாம், தாய்லாந்து என்று பரவிய இ.எம்.எஸ். (இளம்பருவ இறப்பு) நோய் குஞ்சு விட்ட முதல் 35 நாளுக்குள் குட்டையைக் காலி செய்தது. அதற்குக் காரணம் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்று 2013-ல் அரிசோனா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் லைட்னர் குழு கண்டறிந்தது. இறாலைக் கொல்வது அது விடும் நஞ்சு; அந்த நஞ்சுக்கான மரபணு பிளாஸ்மிட் என்ற தனித் துண்டில் இருக்கிறது. அது இல்லாத பாராஹீமோலிட்டிகஸும் பச்சையாகத்தான் தெரியும், இருப்பதும் பச்சையாகத்தான் தெரியும். பிளேட்டால் இதைப் பிரிக்க முடியாது, மரபணுவையே தேடும் பி.சி.ஆர். சோதனைதான் சொல்லும்.

மாதிரி எடுப்பது

காலை 6 மணிக்கும் 7 மணிக்கும் இடையில், முதல் தீனி போடும் முன் எடுங்கள். எந்த நேரம் என்பதைவிட வாராவாரம் ஒரே நேரம் என்பது முக்கியம். மதியம் எடுத்த எண்ணைக் காலை எண்ணோடு ஒப்பிட முடியாது. வெயில் மேல்நீர்ப் பாக்டீரியாவைக் குறைத்துவிடும்.

250 மி.லி. கண்ணாடி பாட்டில்களைக் குக்கரில் 20 நிமிடம் வேகவைத்து ஆறவிடுங்கள். நான்கு மூலை, நடுப்பகுதி என ஐந்து இடத்தில் மூடியோடு பாட்டிலை நீரில் இறக்கி, 30 செ.மீ. ஆழத்தில் திறந்து, நிரப்பி, அங்கேயே மூடுங்கள். மேல்படலத்தில் மிதக்கும் நுரையும் பாசியும் உள்ளே வரக்கூடாது. ஏரியேட்டர் சுழலும் இடத்தை விட்டுத் தள்ளி எடுங்கள். ஐந்தையும் ஒரு சுத்தமான பாட்டிலில் சம அளவில் கலந்தால் குட்டைக்கு ஒரு மாதிரி.

இதோடு அடிநீர் மாதிரி ஒன்று தனியாக வேண்டும். கழிவு சேரும் நடுப்பகுதியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் எடுத்தது. பல பண்ணைகள் இதை விட்டுவிடுகின்றன. மேல்நீரில் மில்லிக்கு 800 காட்டும் குட்டையில் அடிநீர் பத்து மடங்கு காட்டுவது அரிதல்ல, இறால் நாள் முழுக்க இருப்பதோ அடியில்தான்.

ப்ளீச்சிங் போட்ட நீரென்றால் பாட்டிலில் ஒரு சிட்டிகை சோடியம் தயோசல்ஃபேட் முதலிலேயே போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் மிச்சக் குளோரின் பாட்டிலுக்குள்ளேயே பாக்டீரியாவைக் கொன்றுகொண்டிருக்கும், பிளேட் சுத்தமாக வந்து ஏமாற்றும். பாட்டில்களைப் பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டுவந்து 6 மணி நேரத்துக்குள் பிளேட் போடுங்கள். பனிக்கட்டி பாட்டிலை நேரே தொட வேண்டாம். ஃபிரீசரில் வைத்தது மாதிரியே அல்ல.

ஊடகம் தயாரிப்பது

டி.சி.பி.எஸ். பொடி ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீருக்கு ஏறத்தாழ 89 கிராம். நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும் என்பதால் டப்பாவில் உள்ள அளவையே பின்பற்றுங்கள். 90 மி.மீ. தட்டு ஒன்றுக்கு 18 மி.லி. வேண்டும். 20 தட்டுக்கு 400 மி.லி. கரைசல், அதாவது சுமார் 35.6 கிராம் பொடி.

பொடியை நீரில் கலந்து, கிளறிக்கொண்டே கொதிவரும்வரை சூடாக்கி, முழுதும் கரைந்ததும் இறக்கிவிடுங்கள். இதைக் குக்கரில் வைக்கவே கூடாது. மற்ற ஊடகங்களுக்குப் பழகியவர்கள் கை தானாக ஆட்டோகிளேவுக்குப் போகும்; அதிகச் சூட்டில் டி.சி.பி.எஸ். கெட்டுவிடும், வேண்டாத பாக்டீரியாவைத் தடுக்கும் சக்தியும் போய்விடும். சுமார் 50 டிகிரிக்கு ஆறியதும் (பாத்திரத்தைக் கையில் தாங்கிப் பிடிக்க முடிகிற சூடு) தட்டில் ஊற்றுங்கள். நல்ல தட்டு தெளிந்த கரும்பச்சையாக இருக்கும்.

உறைந்த தட்டுகளை மூடியைச் சற்றே திறந்து, சுத்தமான இடத்தில் அரை மணி நேரம் உலரவிடுங்கள். மேலே ஈரம் நின்றால் காலனிகள் ஒன்றோடொன்று வழிந்து எண்ண முடியாது. மிஞ்சியதைப் பாலிதீன் பையில் கட்டித் தலைகீழாக ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் வரை நம்பலாம்.

நீர்த்தலுக்கு: ஒரு லிட்டர் நீரில் 15 கிராம் அயோடின் கலக்காத உப்பு. உப்பில்லாத நீரில் நீர்த்தால் கடல் விப்ரியோ வெடித்துச் செத்து எண்ணிக்கை பொய்யாகக் குறையும். குக்கரில் 20 நிமிடம் வேகவைத்து ஆறிய பிறகு, சுத்தமான சோதனைக் குழாய்களில் 9 மி.லி. வீதம் அளந்து ஊற்றுங்கள். 9 மி.லி. ஊற்றிவிட்டு வேகவைத்தால் ஆவியாகி அளவு குறையும்.

பிளேட் போடுவது

1. மாதிரி பாட்டிலை 25 முறை நன்றாகக் குலுக்குங்கள். பாக்டீரியா துகள்களில் ஒட்டிக் கிடக்கும். இது சடங்கு அல்ல.

2. 1 மி.லி. எடுத்து முதல் குழாயில் விட்டுக் கலக்குங்கள். இது பத்தில் ஒன்று. புதுப் பிப்பெட்டால் அதிலிருந்து 1 மி.லி. எடுத்து இரண்டாம் குழாயில் விட்டால் நூறில் ஒன்று.

3. நேர் மாதிரி, முதல் குழாய், இரண்டாம் குழாய் மூன்றிலிருந்தும் 0.1 மி.லி. எடுத்து இரண்டிரண்டு தட்டில் விடுங்கள். வாயால் உறிஞ்சும் பழக்கம் கூடாது.

4. எல் வடிவக் கண்ணாடிக் குச்சியை ஸ்பிரிட்டில் முக்கி, தீயில் காட்டி, ஆறவிட்டு, துளியைத் தட்டு முழுக்கப் பரப்புங்கள். ஸ்பிரிட் கிண்ணத்தை விளக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

5. ஒரு தட்டில் வெறும் உப்புக்கரைசலை மட்டும் பரப்புங்கள். இதில் காலனி வந்தால் அன்றைய வேலை முழுக்கச் சந்தேகம்.

6. பத்து நிமிடம் கழித்துத் தட்டுகளைக் கவிழ்த்து 28 முதல் 30 டிகிரியில் வையுங்கள். நம் ஊர் அறை வெப்பமே பெரும்பாலும் போதும். தகரக் கூரைக்கு அடியிலோ வெயில் படும் ஜன்னலிலோ வைக்காதீர்கள்.

7. 18 மணி நேரத்துக்கு மேல், 24 மணி நேரத்துக்குள் எண்ணிவிடுங்கள்.

கடைசி விதியை மீறியதால் வந்த பீதி கொஞ்சமல்ல. மஞ்சள் காலனிகள் தட்டில் உள்ள சர்க்கரையைத் தீர்த்த பிறகு புரதத்தைத் தின்ன ஆரம்பிக்கும். அப்போது காரத்தன்மை ஏறி அவையே பச்சையாக மாறும். சனிக்கிழமை போட்ட பிளேட்டைத் திங்கட்கிழமை பார்த்து, எல்லாம் பச்சை என்று மருந்துக் கடைக்கு ஓடுவது இதனால்தான். எண்ணாமல் ஃபிரிட்ஜில் எடுத்து வைத்தாலும் நிறம் மாறும்.

எதிர்த்திசையிலும் ஏமாற்றம் உண்டு. நெருக்கமாக மஞ்சள் வளர்ந்த தட்டில் அமிலம் ஊடகம் முழுக்கப் பரவி, நடுவில் இருக்கும் பச்சைக் காலனியும் மஞ்சளாகத் தெரியும். தட்டே மஞ்சளாகிவிட்டால் அதில் பச்சையை எண்ணாதீர்கள். அடுத்த நீர்த்தலைப் பாருங்கள். கருப்பு நடு உள்ள காலனிகளும் ஊசிமுனைப் புள்ளிகளும் வேறு பாக்டீரியாவாக இருக்கக்கூடும். தனியே குறித்துக்கொள்ளுங்கள், கூட்டாதீர்கள்.

கணக்கு எளிது. 30 முதல் 300 காலனி உள்ள தட்டைத் தேர்ந்தெடுங்கள். 0.1 மி.லி. பரப்பியதால், நேர் மாதிரித் தட்டில் ஒரு காலனி என்பது மில்லிக்கு 10. முதல் குழாய்த் தட்டில் 100. இரண்டாம் குழாய்த் தட்டில் 1,000. முதல் குழாய்த் தட்டில் 42 மஞ்சள், 3 பச்சை என்றால் மில்லிக்கு 4,200 மஞ்சள், 300 பச்சை. 3 என்பது சிறிய எண், நம்பகம் குறைவு. ஆனால் நேர் மாதிரித் தட்டில் 420 மஞ்சள் மண்டிப் பச்சையை மறைத்திருக்கும். இதற்குத்தான் இரண்டிரண்டு தட்டு.

ஒளிரும் விப்ரியோ இருக்கிறதா என்று பார்க்க டி.சி.பி.எஸ். உதவாது. கடல்நீரில் செய்த அகார் தட்டு ஒன்று போட்டு, 12 முதல் 18 மணி நேரத்தில் இருட்டறையில் ஐந்து நிமிடம் கண்ணைப் பழக்கிவிட்டுப் பாருங்கள். நீலப்பச்சையாக மினுங்கும்.

எண்ணைப் படிப்பது

பண்ணைகளில் நாம் வேலைக்கு வைத்துக்கொள்ளும் வரம்பு இது, சட்டம் அல்ல. குட்டை நீரில் மொத்த விப்ரியோ மில்லிக்கு 1,000-க்குள் இருந்தால் நிம்மதி. 1,000 முதல் 10,000 வரை கவனிக்க வேண்டிய நிலை. 10,000 தாண்டினால் அன்றே வேலையில் இறங்க வேண்டும். பச்சை 100-க்குள் இருப்பது நல்லது. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் மொத்த எண் சிறியதாக இருந்தாலும் விடக்கூடாது.

ஆனால் 6,000 என்ற எண் ஒரு குட்டைக்கு நலம், இன்னொன்றுக்கு ஆபத்து. மூன்று வாரமாக 5,000-க்கும் 7,000-க்கும் இடையில் மஞ்சள் மட்டுமே காட்டி, இறால் நன்றாகத் தின்று வரும் குட்டையைத் தொட வேண்டாம். போன வாரம் 300, இந்த வாரம் 3,000, அதில் பச்சை 600 என்ற குட்டைதான் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியது. மொலாசஸ் (கரும்பாலைக் கழிவுப்பாகு) போட்ட மறுநாள் மஞ்சள் ஏறுவது எதிர்பார்த்ததே; சுக்ரோஸ் அவற்றின் தீனி. பச்சை சேர்ந்து ஏறாவிட்டால் இரண்டு நாள் பொறுத்து மறுபடி பாருங்கள்.

முதல் 35 நாள் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. பாசி ஒரே நாளில் செத்து நீர் வெளுத்தால், கனமழைக்கு இரண்டு நாள் பிறகு, தீனி திடீரென்று குறைந்தால், அட்டவணையைப் பார்க்காமல் உடனே போடுங்கள்.

நீர் எண் ஏறி, இறாலும் மந்தமாக இருந்தால் இறாலையே சோதியுங்கள். ஐந்து இறாலின் மேலோட்டை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, கணையக் கல்லீரலை எடுத்து, ஒரு கிராமை 9 மி.லி. உப்புக்கரைசலில் அரைத்து, மேலே சொன்னபடி நீர்த்துப் போடுங்கள். இங்கே எண்ணிக்கை நீரைவிடப் பல மடங்கு இருப்பது இயல்பு. அதனால் குட்டை நலமாக இருந்தபோதே இரண்டு முறை எடுத்து வைத்த எண்தான் ஒப்பிட உதவும். ரத்தத்தை 1 மி.லி. சிரிஞ்சில் எடுத்து நேரே பரப்பினால், நல்ல இறாலில் தட்டு ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். பல இறால்களில் காலனி நிரம்பி வந்தால் தொற்று உடலுக்குள் போய்விட்டது. எடை இருந்தால் அறுவடையைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் அது.

நீரை ஏற்றும்போதே

குட்டைக்குள் வரும் விப்ரியோவைக் கட்டுப்படுத்த மலிவான இடம், நீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் ரிசர்வாயர் குட்டைதான். ஓடையிலிருந்து வரும் நீரை 60, 80 மெஷ் பைகள் வழியாக வடிகட்டி, இரண்டு மூன்று நாள் மண் படியவிட்டு, பிறகு ப்ளீச்சிங் 60 பி.பி.எம். ஒரு ஏக்கர், 1.2 மீட்டர் ஆழம் என்றால் சுமார் 4,850 கன மீட்டர் நீர். ஒரு பி.பி.எம். என்பது கன மீட்டருக்கு ஒரு கிராம். எனவே 4,850 பெருக்கல் 60, சுமார் 291 கிலோ. இது 30 சதவீதக் குளோரின் உள்ள பொடிக்கான கணக்கு. மூட்டை திறந்து மாதக்கணக்கில் கிடந்த பொடியில் 20 சதவீதமே மிஞ்சியிருந்தால் அதே வேலைக்கு 437 கிலோ வேண்டும். மூட்டை தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

மாலையில் போடுங்கள், வெயில் குளோரினைத் தின்றுவிடும். அதற்கு முன் சுண்ணாம்பு போடாதீர்கள், பி.எச். ஏறினால் குளோரினின் கொல்லும் வடிவம் குறைந்துபோகும். கலங்கல் நீரில் போட்டால் மண்ணும் அழுக்குமே குளோரினை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் முதலில் படியவிடச் சொன்னது. மூன்று நான்கு நாள் ஏரியேட்டரை ஓடவிட்டு, ஆர்த்தோடாலிடின் (குளோரின் சோதனைத் திரவம்) சொட்டில் மஞ்சள் நிறம் வரவில்லை என்று உறுதி செய்யுங்கள். அவசரமென்றால் மிச்சக் குளோரின் 1 பி.பி.எம்.-க்கு 7 பி.பி.எம். வீதம் சோடியம் தயோசல்ஃபேட்.

இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். குளோரின் விப்ரியோவை மட்டும் கொல்வதில்லை, எல்லாவற்றையும் கொல்கிறது. செத்த பாசியும் புழுவும் நீரில் கரைந்து நல்ல தீனியாகக் கிடக்கும், போட்டிக்கு ஆள் கிடையாது. அப்படிப்பட்ட நீரில் முதலில் பெருகுவது மிக வேகமாகப் பிளவுபடும் பாக்டீரியாதான். உகந்த வெப்பத்தில் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் 10 நிமிட அளவில் இரட்டிக்கும். எனவே குளோரின் தீர்ந்த அன்றே பேசில்லஸ் புரோபயாட்டிக்கும் (விப்ரியோவோடு போட்டியிடும் நல்ல பாக்டீரியா) பாசி வளர்க்கும் உரமும் உள்ளே போக வேண்டும். நீர் பழுக்க ஏழு முதல் பத்து நாள் கொடுத்து, பிளேட் போட்டுப் பார்த்துவிட்டுக் குஞ்சு விடுங்கள். ப்ளீச்சிங் முடிந்த மூன்றாம் நாள் தெளிந்த நீரில் குஞ்சு விடுவது பார்க்க அழகு, விப்ரியோவுக்குத்தான் லாபம்.

பச்சை ஏறிவிட்டது, என்ன செய்வது

முதலில் அதே நாள் மறுபடி மாதிரி எடுத்துப் பிளேட் போடுங்கள். விடை வர ஒரு நாளாகும். அதுவரை கீழ்க்கண்டவை எதுவும் கெடுதல் செய்யாது.

தீனியை 30 முதல் 50 சதவீதம் குறையுங்கள், இரண்டு மூன்று நாளுக்கு. விப்ரியோவின் சோறு மிஞ்சிய தீனியும் மலமும்தான். செக் டிரேயில் மிச்சம் இருக்கிறதா, குடல் நிறைந்திருக்கிறதா, கணையக் கல்லீரல் வெளிறிச் சுருங்கியிருக்கிறதா என்று தினமும் பாருங்கள். வெள்ளைக் கழிவு மிதந்தால் இ.எச்.பி. என்ற நுண்ணுயிரியும் கூட இருக்கலாம்; அதற்கும் சேர்த்துப் பி.சி.ஆர். கொடுங்கள்.

நடுவில் சேர்ந்த கருங்கழிவை வடிகால் குழாய் அல்லது சைஃபன் மூலம் வெளியேற்றுங்கள். பச்சை ஏறிய குட்டையின் தரையில் சங்கிலி இழுக்காதீர்கள். அடியில் கிடப்பதையெல்லாம் கிளப்பி இறாலின் செவுளில் ஏற்றுவதாகும் அது. சங்கிலி, எண்ணிக்கை அடங்கியிருக்கும் காலத்துக்கான வேலை.

விடியற்காலை அடிநீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மி.கி.க்குக் குறையக்கூடாது. குறைந்தால் எந்தப் புரோபயாட்டிக்கும் வேலை செய்யாது. நீர் மாற்றுவதென்றால் சுத்திகரித்து வைத்த ரிசர்வாயர் நீரில் 10 சதவீதம்; ஓடைநீரை நேரே ஏற்றுவது பக்கத்துப் பண்ணையின் கழிவை விலைக்கு வாங்குவது.

பிறகு பேசில்லஸ். காலை 9 முதல் 11 மணிக்குள், எல்லா ஏரியேட்டரும் ஓட. பேசில்லஸ் ஆக்சிஜனை நிறையக் குடிக்கும், மாலையில் போட்டால் இரவில் ஆபத்து. 48 மணி நேரம் கழித்துப் பிளேட். பச்சை பாதியாகக் குறைந்தால் வழி சரி. மறுபடி அதே அளவு போடுங்கள். குறையவில்லை என்றால் பொடியை மாற்றும் முன் கழிவையும் தீனியையும் மறுபடி பாருங்கள். தப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

வளரும் குட்டையில் பி.கே.சி., அயோடின் போன்ற கிருமிநாசினி போட்டால் மறுநாள் பிளேட் அழகாக வரும். மூன்றாம் நாள் முன்பைவிட அதிகமாக வரும். காரணம் ரிசர்வாயரில் சொன்னதே: பாசி சாகும், பேசில்லஸ் சாகும், செத்ததைத் தின்று விப்ரியோ திரும்பும். அவசியம் போட்டே ஆகவேண்டிய நிலை வந்தால், அதன் பிறகு 72 மணி நேரம் விட்டுப் புரோபயாட்டிக் போடத் திட்டமிட்டுக்கொண்டு போடுங்கள். ஆன்டிபயாட்டிக் பக்கம் போகவே வேண்டாம். குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் தடை செய்யப்பட்டவை; மிச்சம் தெரிந்தால் சரக்கு திரும்பி வரும், குட்டையிலும் மருந்துக்கு அடங்காத விப்ரியோதான் மிஞ்சும்.

புரோபயாட்டிக்கையும் பிளேட் போடுங்கள்

வாங்கிய பொடியில் உயிருள்ள பேசில்லஸ் இருக்கிறதா என்று பண்ணையிலேயே பார்க்கலாம். ஒரு கிராம் பொடியை 9 மி.லி. உப்புக்கரைசலில் கலக்கி, குழாயை 80 டிகிரி நீரில் 10 நிமிடம் வையுங்கள். மற்ற பாக்டீரியா செத்துவிடும், பேசில்லஸின் விதைவடிவம் தாங்கும். பிறகு பத்துப் பத்தாகப் பல படி நீர்த்து, சாதாரண அகாரில் போடுங்கள். டப்பாவில் எழுதியதில் நூறில் ஒரு பங்குகூட வராத பொடிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

காய்ச்சல் போடுவதென்றால் (பொடியை மொலாசஸில் ஊறவைத்துப் பெருக்குவது): 100 லிட்டர் நீர், 2 கிலோ மொலாசஸ், 250 கிராம் பொடி, காற்று விட்டுக்கொண்டே 12 முதல் 24 மணி நேரம். நீர் நல்ல நீராக, உப்பில்லாததாக இருக்கட்டும். கடல் விப்ரியோவுக்கு உப்பு வேண்டும், பேசில்லஸுக்கு வேண்டாம். குட்டை நீரில் காய்ச்சல் போட்டால் சர்க்கரையும் உப்பும் காற்றும் சேர்த்து விப்ரியோவுக்கு நாமே பந்தி பரிமாறுகிறோம். ஊற்றும் முன் டி.சி.பி.எஸ். தட்டில் 0.1 மி.லி. போட்டுப் பாருங்கள். முடிவு வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால் முந்தைய தொகுதியின் முடிவை வைத்து முடிவெடுங்கள். காலனி வந்த ட்ரம்மை ப்ளீச்சிங்கால் கழுவிக் காயவையுங்கள்.

அமோனியாவைக் குறைக்க மொலாசஸ் போடும்போது கணக்கோடு போடுங்கள். ஒரு கிராம் நைட்ரஜனைப் பாக்டீரியா உடலாக மாற்ற ஏறத்தாழ 20 கிராம் மாவுச்சத்து வேண்டும். மேலே சொன்ன 4,850 கன மீட்டர் குட்டையில் அமோனியா நைட்ரஜன் 0.5 பி.பி.எம். என்றால் 2.4 கிலோ நைட்ரஜன். மாவுச்சத்து 48 கிலோ. பாதி சர்க்கரை உள்ள மொலாசஸானால் 97 கிலோ. ஒரே நாளில் கொட்டினால் ஆக்சிஜன் விழும், மஞ்சள் விப்ரியோ பொங்கும். நாலைந்து நாளாகப் பிரித்து, பேசில்லஸோடு ஊறவைத்துப் போடுங்கள்.

மழைக்காலம்

ஐப்பசி, கார்த்திகை மழையில் நல்ல நீர் மேலே நின்று உப்புநீர் கீழே அடங்கிவிடும். இரண்டும் கலக்காததால் அடியில் ஆக்சிஜன் தீர்ந்து, கழிவு அழுகி, விப்ரியோ அங்கே பெருகும். மழை பெய்யும்போதே மதகின் மேல்பலகையை எடுத்து மேல்நீரை வடியுங்கள், ஏரியேட்டரை நிறுத்தாதீர்கள். காரத்தன்மை 100 பி.பி.எம்.-க்குக் கீழே இறங்கினால் டோலமைட். இரண்டாம் நாள் பிளேட்டில் அடிநீர் மாதிரிதான் முக்கியம்.

கையும் கழிவும்

பச்சைக் காலனியில் விப்ரியோ வல்னிஃபிகஸ் இருக்கலாம். காயத்தின் வழியே மனித உடலில் புகுந்தால் உயிருக்கே ஆபத்து, ஈரல் நோயோ சர்க்கரை நோயோ உள்ளவர்களுக்குக் கூடுதலாக. கையில் வெட்டுக்காயம் இருப்பவர் குட்டையிலும் இறங்க வேண்டாம், தட்டையும் தொட வேண்டாம். எண்ணி முடித்த தட்டுகளைக் குக்கரில் 20 நிமிடம் வேகவைத்த பிறகே எறியுங்கள். பிளாஸ்டிக் தட்டானால் ப்ளீச்சிங் கரைசலில் ஒரு மணி நேரம் முழுக ஊறவையுங்கள்.

பி.சி.ஆர். சோதனைக்குக் கணையக் கல்லீரலை 95 சதவீத எத்தனாலில் போட்டு, சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ, நாகப்பட்டினத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கோ கொடுக்கலாம். பிளேட் போட விரும்பும் மாதிரியை எத்தனாலில் போடாதீர்கள். இரண்டுக்கும் தனித்தனி இறால் எடுங்கள். குட்டை எண், வளர்ப்பு நாள், எடுத்த நேரம், உப்பு, மேல்நீர் மஞ்சள், மேல்நீர் பச்சை, அடிநீர் மஞ்சள், அடிநீர் பச்சை, அன்று போட்ட தீனி, முந்தைய மூன்று நாளில் போட்ட மருந்து என்று நோட்டில் பத்துக் கட்டம் போட்டு எழுதி, மாதிரியோடு அதன் நகலையும் அனுப்புங்கள். நோய் உறுதியாகிவிட்டால் குட்டை நீரை வாய்க்காலில் திறக்காதீர்கள்: இறாலை எடுத்த பிறகு 60 பி.பி.எம். ப்ளீச்சிங் போட்டு, ஒரு வாரம் அடைத்து வைத்து, குளோரின் தீர்ந்ததைச் சொட்டுச் சோதனையில் பார்த்துவிட்டு மதகைத் திறங்கள்.